அப்புச்சியின் தூக்குக்குண்டு

மேட்டூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் என் அப்புச்சி ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மாவின் அப்பா. ஷோகேஸில் கல்யாண ஜோடிகளும், பூ ஜடையைக் கண்ணாடியில் காட்டி நிற்கும் பெண்களும், குப்புற விழுந்து தலை தூக்கும் குழந்தைகளும் இருந்தார்கள். அது எல்லா ஸ்டுடியோவிலும் உண்டு. எங்கள் கடையில் அவர்களுக்கு நடுவே, அதே அளவுச் சட்டத்தில், வீடுகளும் இருந்தன. ஓட்டு வீடு ஒன்று, சினிமா கொட்டகையின் முகப்பு, ஆறு கால் ஊன்றி நிற்கும் குடிதண்ணீர் டேங்க், தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூம்.

பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள் கேட்பார்கள்: "ஏனுங்க, இது யாரு வூடுங்க?"

அப்புச்சி வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டார். கதவு என்ன மரம், சுவர் மண்ணா செங்கல்லா, எந்த மாதத்து வெயிலில் எடுத்தது என்று சொல்லுவார். கேட்டவர்களில் சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் நின்று இன்னொரு தரம் பார்ப்பார்கள். அந்த இரண்டாம் பார்வைக்காகத்தான் அவர் அந்தப் படங்களை அங்கே வைத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பாவுக்கு அடிக்கடி ஊர் மாற்றலாகும் வேலை. அதனால் என் பள்ளிக்கூட வயதில் பெரும்பகுதி அப்புச்சி வீட்டில்தான் போனது. பள்ளிக்கூடம் விட்டால் நேரே ஸ்டுடியோ. கடைக்குப் பின்னால் இருட்டறை. அதன் கதவுக்கு வெளியே ஒரு முக்காலி. ஹைப்போ வாசனைக்கு நடுவில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணினேன். இன்றைக்கும் புளித்த அந்த வாடை எங்கிருந்தாவது வந்தால் பதினாறாம் வாய்ப்பாடு நாக்கில் வந்து நிற்கிறது.

கட்டடங்களின் மேல் அவருக்கு ஏன் அந்தப் பிடிப்பு என்று ஒருநாள் அம்மாயியிடம், அம்மாவின் அம்மாவிடம், கேட்டேன். "அவுங்க வூடு தண்ணிக்குள்ள போயிருச்சு கண்ணு, அதான்" என்றார் அம்மாயி, அரிசி புடைத்துக்கொண்டே.

மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கியது. 1934 ஆகஸ்டில் திறந்தார்கள். 5,300 அடி நீளத்துக்குக் காவிரியின் குறுக்கே சுவர் எழுந்தபோது, பின்னால் 120 அடி உயரம் வரை தண்ணீர் நிற்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த உயரத்துக்குக் கீழே ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்த ஊர்களெல்லாம் காலி செய்யப்பட்டன. அப்புச்சி பிறந்த ஊர் அதில் ஒன்று. தண்ணீர் ஏறும்போது அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. கதவு, நிலை, உத்தரம், ஓடு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். சுவர்கள் அங்கேயே நின்றன.

"எங்கப்பனுக்கு ஒரு போட்டோ இருக்குது. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்தோம். அவரு கட்டின வூட்டுக்கு ஒண்ணுமில்ல" என்பார். "அணைக்கட்டுக்கு எத்தன போட்டோ இருக்குது! அதுக்காகக் காலி பண்ணின வூட்டுக்கு ஒண்ணு காட்டு பாக்கலாம்."

வருத்தமாகச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. வேலையை விளக்குகிற குரலில்தான் சொன்னார்.

கட்டடப் படம் ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்கு அன்று நிச்சயமான வருமானம். வீடு கட்டக் கடன் கொடுத்த வங்கி, பணத்தைத் தவணை தவணையாகத்தான் விடும். ஒவ்வொரு தவணைக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று படம் வேண்டும். பேஸ்மென்ட் மட்டத்தில் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கான்கிரீட் போட்ட பிறகு ஒன்று. கட்டுகிறவர் சலவை வேட்டி கட்டி, பாதிச் சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் சித்தாள் பெண்கள் சட்டியோடு ஒதுங்குவார்கள். அப்புச்சி அவர்களை ஒதுங்க விட மாட்டார். "நீங்களும் நில்லுங்க அம்மிணி, செவுத்தத் தூக்கினது நீங்கதானுங்களே" என்பார். வங்கிக்குப் போன படங்களில் அந்தப் பெண்கள் இருந்தார்கள்.

கோர்ட்டு வேலையும் வரும். பங்காளிச் சண்டையில் பொதுச்சுவர் யாருடையது, விரிசல் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று பார்க்க கமிஷனராக ஒரு வக்கீல் வருவார். அவரோடு அப்புச்சி போவார். விரிசலுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு எடுக்க வேண்டும். "இந்தச் செவுரு எங்க பக்கம் சாயுது" என்று ஒருத்தர் கத்துவார். "சாயவே இல்லை" என்று மற்றவர் கத்துவார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அப்புச்சி பையிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுப்பார்.

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய தொழில் அறிவு முழுக்க அந்தக் குண்டில்தான் இருந்தது. உயரமான கட்டடத்தை எடுக்கும்போது, உச்சி படத்துக்குள் வரவில்லையென்று எல்லோரும் கேமராவை அண்ணாந்து பிடிப்பார்கள். அப்படிப் பிடித்ததும் உள்ளே இருக்கும் பிலிமும் சாய்ந்துவிடும். கட்டடத்தின் மேல்பாதி பிலிமுக்குத் தள்ளிப்போய்ச் சிறுத்து, இரண்டு பக்கச் சுவரும் மேலே போகப்போக நெருங்கும். பார்க்கிறவருக்குக் கோபுரம் மல்லாக்க விழப்போவதாகத் தோன்றும். எத்தனையோ காலண்டர்களில் நம் கோபுரங்கள் அப்படி விழுந்துகொண்டேயிருக்கின்றன. நாமும் பார்த்துப் பழகிவிட்டோம். அப்புச்சிக்கு அது பழகவேயில்லை.

அவரிடம் இரண்டு கேமரா. ஆள்களுக்கு யாஷிகா. கட்டடங்களுக்கு ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி. மரச்சட்டமும் பித்தளைக் கொக்கிகளும் துருத்தியும் கொண்ட பெட்டி. பின்னால் தேய்த்த கண்ணாடி. அதில் பென்சிலால் அவரே கட்டம் போட்டிருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். முதல்முறை அவர் என்னை உள்ளே விட்டபோது கண்ணாடியில் இருந்தது எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில். வானம் அடியில், கலசம் அதற்கும் அடியில் வெட்டுப்பட்டிருந்தது. தெருவில் ஒருத்தர் தலைகீழாகச் சைக்கிளில் போனார். வெளியே வந்து பார்த்தேன், நேராகத்தான் போய்க்கொண்டிருந்தார். மறுபடி உள்ளே போனேன்.

"இப்பப் பாரு" என்று அப்புச்சி லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மெல்ல மேலே தூக்கினார். பெட்டி அசையவில்லை. கண்ணாடியின் அடியில் வெட்டுப்பட்டிருந்த கலசம் மெதுவாக மேலேறி முழுசாக உள்ளே வந்தது. சுவர்கள் கட்டத்தின் கோடுகளோடு ஒட்டி நின்றன. சூட்சுமம் அவ்வளவுதான். பிலிம் இருக்கும் பின்பலகை பூமிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உச்சியைப் பிடிக்க லென்ஸை மட்டும் உயர்த்த வேண்டும். பின்பலகை செங்குத்தா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. பக்கவாட்டில் மட்டமா என்று பார்க்க ரசமட்டம். இரண்டையும் ஒரு கொத்தனாரிடம்தான் வாங்கியிருந்தார்.

"படத்துல சாயுதுன்னா அது செவுத்தோட சாய்வா இருக்கோணும். நம்ம சாய்வா இருக்கக் கூடாது." கோர்ட்டுக்குப் போன படங்களுக்கு அவர் சொன்ன நியாயம் இது. ஆனால் ஒருவரும் வழக்காடாத வீட்டுக்கும், கோழிக் கூண்டுக்கும், மோட்டார் ரூமுக்கும் அவர் அதே குண்டைத் தொங்கவிட்டார்.

லென்ஸை ரொம்ப உயர்த்தினால் படத்தின் மேல்மூலைகள் இரண்டும் கறுத்துவிடும். லென்ஸ் போடும் வெளிச்சம் வட்டமானது. பிலிம் அந்த வட்டத்தின் விளிம்பைத் தாண்டிவிடுவதால் வருவது அந்தக் கறுப்பு. அப்புச்சியின் படங்களில் பலவற்றுக்கு இப்படி வளைந்த கறுப்பு மூலைகள் உண்டு. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் வெட்டி எறிந்திருப்பார்கள். அவர் விட்டுவிடுவார். வளர்ந்த பிறகு பாரிஸ் நகரத்துப் பழைய தெருக்களை எடுத்த யூஜீன் அட்ஜேயின் படங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது அதே கறுப்பு மூலைகள். 1927இல் இறந்துபோன அந்த மனிதர், இடிபடப் போகும் வீடுகளையும் கடை முகப்புகளையும் மாடிப்படிகளையும் கண்ணாடித் தகடுகளில் எடுத்து எடுத்து வைத்தவர். அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் வைத்திருந்தேன். எங்கள் ஆளும் அந்த ஆளும் லென்ஸை ஒரே காரணத்துக்காக உயர்த்தியிருக்கிறார்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

வெயில் விஷயத்தில் அப்புச்சி பஞ்சாங்கக்காரர். கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை ஏழரை. மேற்குக்குச் சாயங்காலம் நாலரை. தெற்குப் பார்த்த வீடென்றால் மார்கழியும் தையும். வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் பாடுதான் சங்கடம். வருஷத்தில் பாதி நாள் வடக்குச் சுவரில் வெயில் படாது. மேட்டூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து பத்து நாளானால் உச்சிச் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆவணி பிறக்கிற வரை அங்கேதான். ஆகவே வடக்கு வாசல் வீட்டை வைகாசியிலோ ஆனியிலோ எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வங்கி அதுவரை காத்திருக்குமா? வங்கிக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, வைகாசியில் தன் செலவில் மறுபடி போய் எடுப்பார். வீட்டுக்காரர் புரியாமல் பார்ப்பார். "உங்களுக்கில்லீங்க, வூட்டுக்கு" என்பார் அப்புச்சி.

அம்மாயிக்கு இதில் கோபம் உண்டு. "சோறு திங்கற சனத்தப் படம் புடிச்சா காசு குடுக்கும். செங்கல்லா குடுக்கும்?" பிலிம் விலை, ஊட்டியிலிருந்து வரும் இந்து போட்டோ பேப்பர் விலை எல்லாம் அம்மாயிக்கு மனப்பாடம். ஆனால் வைகாசி வந்துவிட்டால், "அந்த வடக்கால வூடு ஒண்ணு பாக்கி இருந்துதே, போகலீங்களா?" என்று கேட்பவரும் அம்மாயிதான்.

எனக்கு ஒரு வேலை இருந்தது. அளவுக்கு நிற்பது. கட்டடத்தை மட்டும் எடுத்தால் அது பத்தடியா முப்பதடியா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் வாசல் ஓரத்தில், முகம் முக்கியமில்லாமல், கையைத் தொங்கவிட்டு நான் நிற்க வேண்டும். சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது. நெகட்டிவ் உறையின் மேல் ஊர், தெரு, திசை, மாதம், அதற்குக் கீழே "பாப்பா 3¾ அடி" என்று எழுதுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை இருட்டறைக் கதவில் என்னை நிறுத்தி அளந்து திருத்திக்கொள்வார். கதவில் கோடுகள் ஏறின, உறைகளிலும் ஏறின. மற்றக் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் படங்கள் இருக்கும். எனக்கு டேங்க்குகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கீழே நிற்கும் படங்கள் இருக்கின்றன.

டேங்க்குகள் பஞ்சாயத்து யூனியன் கொடுத்த வேலை. ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டிகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. தொட்டி உயரத்துக்குப் பாதியாவது ஏறி நின்றால்தான் அது சரியாக முகம் காட்டும் என்று அப்புச்சி டிராக்டர் டிரெய்லரின் மேலும் சோளத்தட்டுப் போரின் மேலும் கேமரா முக்காலியை ஏற்றுவார். நாலு கால் தொட்டி, ஆறு கால் தொட்டி, உருண்டை, தட்டை. எல்லாவற்றையும் ஒரே தூரம், ஒரே உயரம், நடுவில் நிறுத்தி எடுப்பார். அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பி என்னைப் பார்க்கச் சொல்லுவார். தனித்தனியாகப் பார்த்தபோது எல்லாம் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை இருந்தது. ஒன்று காலை அகட்டி நின்றது, ஒன்று தோள் ஒடுங்கி நின்றது.

ஜெர்மனியில் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கத்துத் தூக்குக் கோபுரங்கள், உலைகள். ஒரே கோணம், நேர்முகம், பிறகு கட்டம் கட்டமாக அடுக்கல். 1990இல் வெனிஸ் பினாலேயில் அவர்களுக்குக் கிடைத்த தங்கச் சிங்கம் சிற்பத்துக்கான பரிசு. பெர்ண்ட் முதலில் ஓவியர். தன் ஊர்ப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கும்போதே அதைப் பிரித்துப் போட்டார்கள். கையின் வேகம் போதாமல்தான் கேமராவை எடுத்தார். அவர்கள் மேகமூட்டத்துக்குக் காத்திருந்தார்கள், நிழல் விழாமல் இருக்க. அப்புச்சிக்கு வெயில் பக்கவாட்டில் விழுந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் அப்புச்சி பக்கம். நம் ஊர்ச் சுவர் வெயிலில்தான் சுவராகிறது.

பக்கத்துக் கிராமத்துத் தொட்டிக்கட்டு வீடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்து, தொட்டி முற்றத்தின் நடுவே குறுக்குச் சுவர் எழுப்பப் போகிறார்கள். அவர்களின் அம்மா ஆளனுப்பி அப்புச்சியை வரச் சொன்னார். "சுவரு வைக்கறதுக்கு முந்தி ஒண்ணு எடுத்துருங்க" என்றார். உள்ளே நல்ல இருட்டு. முற்றத்தில் மட்டும் வெளிச்சம் கொட்டியது. முற்றத்துக்கு அளவு வைத்தால் தாழ்வாரம் கறுத்துவிடும், தாழ்வாரத்துக்கு வைத்தால் முற்றம் வெளுத்துவிடும். ஆகவே வெயில் ஓட்டுக்கு மேலே போகும்வரை காத்திருந்து, லென்ஸ் வாயைச் சின்னதாக்கி, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்புச்சி மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். நூறைத் தாண்டி எண்ணினார். அத்தனை நேரமும் அண்ணனும் தம்பியும் எந்தத் தூண் யாருக்கு என்று பேசிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். அப்புச்சி அவர்களை நிற்கச் சொல்லவில்லை. அவ்வளவு நீண்ட வெளிச்சத்தில் நடமாடுகிற ஆள் பிலிமில் பதிய மாட்டார். படம் கழுவி வந்தபோது தூண்கள் இருந்தன, முற்றம் இருந்தது, திண்டில் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா இருந்தார். நான் வாசல் நிலையோரம் இருந்தேன், 4 அடி.

பிறகு அந்தக் கோடை. எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்து, அணை இறங்கிக்கொண்டே போன வருஷம். எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் அப்புச்சி முதலில் பார்ப்பது மேட்டூர் அணை நீர்மட்டம். தினமும் அடிக்கணக்கு வரும். டெல்டா விவசாயிகள் ஜூன் 12 தண்ணீர் திறப்பை நினைத்து அதைப் பார்ப்பார்கள். அப்புச்சி பார்த்தது வேறு கணக்கில். 80 அடிக்குக் கீழே இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நீருக்குள் இருக்கும் பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரங்கள் தலை காட்டத் தொடங்கும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. அதற்கும் கீழே இறங்கினால்தான் அவர் ஊர்.

வாகீஸ்வரியைப் பெட்டியில் போட்டுக் கட்டி, முக்காலியை நான் ஒரு பக்கம் பிடிக்க, கொளத்தூர் பஸ்ஸில் ஏறினோம். பண்ணவாடித் துறையில் இறங்கியபோது எனக்கு ஊரே மாறியிருந்தது. நான் பார்த்திருந்ததெல்லாம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீரும் நாகமரைக்குப் போகும் பரிசல்களும். இப்போது கரை எங்கேயோ கீழே போயிருந்தது. வெடித்த சேறு, அதில் கிளிஞ்சல்கள், ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட்ட எள்ளும் சோளமும். மீன்காரர் ஒருவர் பரிசலை வெயிலில் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்தார். அவர்தான் எங்களைப் பாதித் தூரம் கொண்டுபோய் விட்டார். பெட்டியும் முக்காலியும் அப்புச்சியும் நானும் ஏறியதும் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புச்சி பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

அந்தக் கோபுரங்களை நான் பார்த்த முதல் தடவை. சேற்றிலிருந்து நேரே எழுந்து நின்றன. தண்ணீர் ஏறியும் இறங்கியும் விட்டுப்போன கோடுகள் சுவரெங்கும் வரிவரியாக இருந்தன. அடியில் பச்சை, மேலே சாம்பல், அதற்கும் மேலே பறவை எச்சத்தின் வெள்ளை. கூரை இல்லை. சன்னல் வளைவுகளுக்குள் அந்தப் பக்கத்து வானம். ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் நிழலில் உட்கார்ந்து கம்பஞ்சோறு தின்றுகொண்டிருந்தான்.

முக்காலி சேற்றில் இறங்கியது. ஒவ்வொரு காலுக்கும் தட்டைக் கல் தேடி வைத்தோம், கல்லும் இறங்கியது. தூக்குக்குண்டு கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தது. அப்புச்சி பொறுமையிழந்து நான் பார்த்ததில்லை. அன்றும் இழக்கவில்லை. மேய்ப்புப் பையன் எழுந்துபோய் எங்கிருந்தோ ஒரு பலகைத் துண்டு கொண்டுவந்தான். அதன்மேல் முக்காலி நின்றது. குண்டு நின்றது. அப்போதுதான் தெரிந்தது, ஒரு கோபுரம் உண்மையாகவே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று. கண்ணாடியின் கட்டத்தில் அதன் விளிம்பு கோட்டைவிட்டு விலகியது. நான் லென்ஸை இன்னும் தூக்கச் சொன்னேன். "தேவையில்ல சாமி, அது அதோட சாய்வு" என்றார். குரலில் ஒரு திருப்தி இருந்தது.

மஞ்சள் பில்டர் போட்டார், வானத்தின் நீலம் கொஞ்சம் கறுத்து மேகம் தெரிய. அதற்கு நூற்றிருபது வருஷத்துக்கு முன் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகட்டிவில் எடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு அந்த வசதி இல்லை. அவருடைய நெகட்டிவ்களில் வானம் வெளுத்துப் போகும் என்பதால் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 1858இல் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். எனக்கு அந்தப் படத்தின் மேல்தான் ஆசை. கல்லை அது இருந்தபடி விட்டது.

மேய்ப்புப் பையனையும் என்னையும் கோபுரத்தின் அடியில் நிறுத்தினார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் வந்ததும் மூடியை எடுத்து, இரண்டு எண்ணி, மூடினார். நந்தியைப் பார்க்கப் போனபோது அதன் பாதி இன்னும் தண்ணீருக்குள் இருந்தது. அதையும் எடுத்தோம். திமிலின் மேல் ஒரு நாரை உட்கார்ந்திருந்தது. அது பறக்காமல் இருந்தால் நல்லது என்று நான் வேண்டிக்கொண்டேன், இருந்தது.

திரும்பும்போது அப்புச்சி ஆற்றின் மேல்பக்கம் கையைக் காட்டினார். அங்கே தண்ணீர்தான். "அந்த வளைவுக்கு அடியில. இன்னும் இருவது முப்பது அடி எறங்கோணும்." அந்த வருஷம் இறங்கவில்லை. கர்நாடகத்தில் மழை பிடித்து, பேப்பரில் அடிக்கணக்கு ஏறத் தொடங்கியது. அவர் ஏமாந்த மாதிரித் தெரியவில்லை. நீர்மட்டம் ஏறினால் சந்தோஷப்படுகிற ஊர்க்காரர்தான் அவரும். ஆடிப்பெருக்குக்கு அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்கு வந்த கூட்டத்தை யாஷிகாவில் எடுத்துத் தள்ளினார். நல்ல வியாபாரம்.

பண்ணவாடிப் படத்தைக் கழுவிய அன்று என்னை இருட்டறைக்குள் விட்டார். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் முதலில் வந்தது சன்னல் வளைவுகள். பிறகு நீர்க்கோடுகள். எல்லாவற்றுக்கும் கடைசியாக வானம். உறையில் தேதிக்குப் பதில் அன்றைய நீர்மட்டத்தை எழுதினார். கீழே வழக்கம்போல என் உயரம்.

பெரிதாக என்லார்ஜ் செய்து ஷோகேஸில் கல்யாண ஜோடிகளை ஒதுக்கிவிட்டு நடுவில் வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை, அவர் எதிர்பார்த்திருக்கலாம். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்த வயசாளிகள் கடை வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். அணை நிரம்பியபோது சிறுபிள்ளைகளாக இருந்து, மேட்டுக்குக் குடிவந்தவர்கள். முதலில் ஒரு பாட்டி உள்ளே வந்து, கோயிலுக்கு வலப்பக்கம் காலியாகத் தெரிந்த சேற்றில் விரலை வைத்து, "இங்கதானே எங்க தெரு" என்றார். கூட வந்தவர், "தெரு இந்தப் பக்கம் ஆயா, அங்க இருந்தது புளியமரம்" என்றார். பாட்டி விடவில்லை. அப்புச்சி படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித் திருப்பி மேசையில் வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "போட்டுக் காட்டுங்க."

பாட்டிக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் கோடு போட்டேன். தெரு, கிணறு, களத்துமேடு, யார் வீட்டுக்குப் பிறகு யார் வீடு, எந்தத் திண்ணையில் பள்ளிக்கூடம் நடந்தது. கோயில் மணி எந்தக் கோபுரத்தில் தொங்கியது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு இடத்திலும் மணி போட்டேன். அடுத்த சந்தை நாளில் வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, கிணறே தப்பு என்றார். அப்புச்சி அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. இருட்டறைக்குள் போய் இன்னொரு பிரதி போட்டு, ஈரம் காயவைத்து, முதுகுப்பக்கம் வெறுமையாக அவர் முன்னால் வைத்தார். என்னைக் கூப்பிட்டுப் பென்சிலைச் சீவச் சொன்னார்.